இரண்டு காருக்கு நடுவில் ஓர் இடம்

க்ர்ர்ரக். அப்புறம் கீ… கீ… கீ…

தெருமுனையில் வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே இந்தச் சத்தம் வந்துவிடும். ஆஸ்பத்திரியைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டு, முனையில் ரிவர்ஸ் கியரைக் கடித்துப் போட்டு, யாரோ பின்னாலேயே வருகிறார். எங்கள் தொழிலில் கண்ணைவிடக் காதுதான் முதலில் வேலைக்கு வரும். கியர் விழுகிற சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம், வருகிறவர் கையில் இருப்பது புது லைசென்ஸா, பின்சீட்டில் இருப்பது வலி தாங்காத நோயாளியா, பக்கத்து சீட்டில் இருப்பது ஓயாமல் யோசனை சொல்கிற மச்சானா என்று.

தருமபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி வாசலில் பதினோரு வருஷமாக இரவு வாட்ச்மேன் நான். சாயங்காலம் ஆறு மணிக்குக் கழுத்தில் விசிலை மாட்டினால் காலை ஆறு மணிக்குத்தான் கழற்றுவேன். கார் ஓட்டத் தெரிந்தும், முன்னால் ஒரு கார் பின்னால் ஒரு கார் என்று நடுவில் இருக்கிற இடத்தைப் பார்த்ததும் ஒதுங்கிப் போகிறவர்கள் நம்மில் எத்தனையோ பேர். தெருவை மூன்று சுற்று சுற்றிவிட்டு, எங்கோ தள்ளி நிறுத்தி, நோயாளியை நடத்திக் கூட்டி வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்களுக்கெல்லாம் கை காட்டி வண்டியை வரச் சொன்ன நானே நாற்பத்தெட்டு வயது வரை ஒரு ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

விசில்காரன்

எங்கள் ஆஸ்பத்திரிக்கு உள்ளே கார் நிறுத்த இடமில்லை. கேட் ஆம்புலன்ஸுக்கு மட்டும். கேட்டுக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என்று மதிலை ஒட்டி ஆறு கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கலாம். மதிலுக்கும் காருக்கும் நடுவே சாக்கடை. மேலே கல் மூடியிருக்கும். சில இடங்களில் மூடியிருக்காது. நடுவில் ஓர் இடம் காலியானால் அதில் நுழைய ஒரே வழிதான். முன்னால் நிற்கிற காருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தி, ஸ்டியரிங்கை ஒடித்து, பின்பக்கமாக உள்ளே விட வேண்டும். அதைத்தான் நான் பின்னால் நின்றுகொண்டு, “வரட்டும், வரட்டும், ஒடிங்க, ஒடிங்க, நேர் பண்ணுங்க” என்று நடத்திவைப்பேன். எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும், எவ்வளவு பெரிய மண்டிக்காரராக இருந்தாலும் அந்த இரண்டு நிமிஷம் என் கைக்கு அடங்கித்தான் வருவார். மற்றபடி உலகத்தில் யாரும் என் கைக்கு அடங்கியதில்லை என்பதால் அது எனக்குப் பிடித்திருந்தது.

பாலக்கோட்டிலிருந்து ஒரு வாத்தியார் மாதாமாதம் மனைவியைச் சர்க்கரைக்குக் காட்ட அழைத்து வருவார். ஒருநாள் அவரைப் பின்னால் வரவழைத்து, பின்வண்டிக்கு ஒரு சாண் இருக்கும்போது சரியாக விசில் அடித்தேன். அதே நேரம் முன்பக்கம் கரகரவென்று ஒரு சத்தம். அவர் காரின் இடது மூக்கு, முன்னால் நின்ற வாடகைக் காரின் முதுகில் உரசியிருந்தது. “முன்னாடி பாத்து வரக்கூடாதா சார்? கண்ண எங்க வச்சிருந்தீங்க?” என்று நாலு பேர் எதிரில் கேட்டேன். அவர் இறங்கினார். கைக்குட்டையால் அந்தக் கீறலைத் துடைத்துப் பார்த்தார். கோபமே இல்லாமல் சொன்னார்: “நீங்க வரச் சொன்னீங்க, நான் வந்தேன்.”

சாவி

இதை எழுதாமல் மற்றதை எழுத முடியாது. ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், ஏழு மணி இருக்கும். பிரசவ வலி எடுத்த மகளைக் கூட்டிக்கொண்டு ஒருவர் கேட்டை அடைத்தாற்போலக் காரை நிறுத்தினார். இறங்கின வேகத்தில், “ஓரமா போட்டுடுங்கண்ணா” என்று சாவியை என் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடிவிட்டார். வாட்ச்மேன் என்றால் வண்டி ஓட்டத் தெரியும் என்று அவர் நினைத்ததில் தப்பில்லை. இத்தனை வருஷம் எல்லோருக்கும் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன் மாதிரிதானே நின்றிருந்தேன்.

அவர் போன சற்று நேரத்தில் எங்கள் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. டிரைவர் பச்சியப்பன் அரூர் பக்கத்திலிருந்து நெஞ்சுவலிக்காரர் ஒருவரைக் கொண்டு வந்திருந்தான். அவருக்கு என் வயதுதான். பச்சியப்பன் ஹாரனை விடாமல் அழுத்தினான். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, சாவிக்குச் சொந்தக்காரரைத் தேடி உள்ளே ஓடினேன். தெருவில் கார் ஓட்டத் தெரிந்தவர் ஒருத்தர்கூடவா இல்லை என்று கேட்பீர்கள். மருந்துக்கடை வாசலில் மட்டும் நாலு பேர் நின்றிருப்பார்கள். எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. பிரசவ வார்டு மாடியில் இருந்தது. நான் மூச்சிரைக்கக் கீழே வந்தபோது பச்சியப்பனும் நோயாளியின் மச்சானும் அங்கே நிறுத்தியிருந்த டூவீலர்களுக்கு மேலே ஸ்ட்ரெச்சரைத் தூக்கிப் பிடித்து, மழையில், ஓர் அடி எடுத்து வைத்து நின்று, இன்னோர் அடி எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்று இரவே அவர் போய்விட்டார். “வரும்போதே நிலைமை கைமீறிடுச்சு, அஞ்சு நிமிஷத்துல எதுவும் மாறியிருக்காது” என்று டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். நல்ல மனசு. விடிந்ததும் உடலை ஏற்றும்போது அவருடைய மனைவி கேட்டருகே நின்றார். என்னைத் திட்டவில்லை, அழவும் இல்லை. ஏதோ விவரம் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டார்: “சாவி உங்க கையிலதானுங்களே இருந்துச்சு?”

தீப்பெட்டி

அதற்குப் பிறகு பகலில் படுத்தால் தூக்கம் வராது. வெயிலில் நடப்பேன். பஸ் ஸ்டாண்டு வரை போய், எங்கும் ஏறாமல் திரும்பி வருவேன். இன்னொரு முறை ஒரு சாவி என் கைக்கு வந்தால் அந்த வண்டியை எடுத்து, இருக்கிற இடத்தில் செருகிவிடத் தெரிய வேண்டும். அது ஒன்று தெரிந்தால் போதும் என்றிருந்தது. சம்பளம் கூடுவதற்காக இல்லை. டிரைவர் வேலைக்குப் போவதற்காகவும் இல்லை.

எனக்கு எதையும் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன். மருந்து அட்டைப் பெட்டிகளைப் பார்த்துத்தான் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டினேன். ஆகவே இதையும் நானே கற்றுக்கொள்ள முடியும் என்று நம்பினேன். என் ஸ்டூலின் மேல் மூன்று தீப்பெட்டிகளை வைத்தேன். இரண்டு நிற்கும் வண்டி, ஒன்று வரும் வண்டி. ஒரு வாரத்தில் என் தீப்பெட்டி எந்தச் சந்திலும் நுழைந்துகொண்டது. கையில் அப்படியொரு நேர்த்தி. டீ குடிக்க வந்த பச்சியப்பன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். அவன் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். நான் என்ன செய்கிறேன் என்று புரிந்ததும், தம்ளரைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்: “தீப்பெட்டி பக்கவாட்டுல நகரும்ணா. காரு நகராது.”

பாடத்தில் இல்லை

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். இரவு டியூட்டி முடித்து, குளித்து, ஏழு மணிக்குப் போய் நிற்பேன். என்னோடு சேர்ந்தவர்கள் காலேஜ் பிள்ளைகள். என் பக்கத்தில் உட்கார்ந்த மாஸ்டருக்குக் காலடியில் தனியாக ஒரு பிரேக், ஒரு கிளட்ச். நான் ஓட்டினேனா, அவர் ஓட்டினாரா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான். சேலம் ரோட்டில் நேராகப் போனோம், நேராக வந்தோம். ரிவர்ஸ் எடுத்து எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சொன்னார். லைசென்ஸும் வந்தது. போட்டோவில் நான் ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன் மாதிரி இருந்தேன்.

கடைசி நாள், “இரண்டு காருக்கு நடுவில் விடுகிறதை எப்போது சொல்லித் தருவீர்கள்?” என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “அதெல்லாம் யாரும் கேக்கறதில்லீங்க. வண்டி வாங்கினா தானா வந்துடும்.”

நீல டிரம்

வண்டி வாங்குகிற வழியில் நான் இல்லை. எங்கள் மருந்துக்கடையில் இரவு பார்க்கிறவர் ஷகிலா. என்னைவிட இரண்டு வயது பெரியவர். ஆனால் எல்லோரையும்போல என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். அவருடைய வீட்டுக்காரர் ஓட்டிக்கொண்டிருந்த சின்ன வெள்ளைக் கார் ஒன்று உண்டு. அவர் இறந்தபின், விற்க மனமில்லாமல், தானே ஓட்டப் பழகி அதில்தான் வேலைக்கு வருகிறார். ஒருநாள் விடியற்காலையில் டியூட்டி முடிந்ததும், நானாகக் கேட்காமலே சாவியை நீட்டினார். அன்று மழையில் மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்று பார்த்தவர்களில் அவரும் ஒருவர். “எனக்கும் ஓட்டத் தெரியுமேண்ணா, நானும் நின்னுட்டேதான இருந்தேன்” என்று மட்டும் சொன்னார்.

காலை ஆறிலிருந்து ஏழு வரை எங்கள் தெருவில் பால்காரரும் பேப்பர்காரரும்தான். தண்ணீர் பிடிக்கிற நீல டிரம் நாலை உருட்டி வந்து, முன்னால் இரண்டு பின்னால் இரண்டு வைத்தோம். ஷகிலா என் விசிலை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பின்னால் நின்றார். “வரட்டும், வரட்டும், ஒடிங்கண்ணா, நேர் பண்ணுங்க” என்று அச்சு அசலாக என்னைப் போலவே. நான் பின்கண்ணாடியில் அவர் கையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். பின் டிரம்முக்கு ஒரு சாண் இருக்கும்போது விசில் அடித்தார். முன்னால் டமார் என்று ஒரு டிரம் உருண்டு சாக்கடைப் பக்கம் போயிற்று.

இரண்டாம் முறையும் அதேதான். மூன்றாம் முறையும். அப்போதுதான் விளங்கிற்று. பின்பக்கம் உள்ளே போகப் போக, முன்பக்கம் தன் பாட்டுக்கு ஒரு வளைவு வளைந்து வருகிறது. உள்ளே உட்கார்ந்திருக்கிறவனுக்கு அது பாதிதான் தெரியும். பின்னால் நிற்கிறவனுக்குத் தெரியவே தெரியாது. பதினோரு வருஷமாக நான் ஒரு தடவைகூட வண்டியின் முன்னால் போய் நின்றதில்லை. எத்தனை பேர் எத்தனை மூக்கை உரசியிருப்பார்கள், எத்தனை பேரை நாலு பேர் எதிரில் கேட்டிருப்பேன்! காரை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஷகிலா ஜன்னலில் குனிந்து பார்த்தார். எனக்குக் கார் வரவில்லை என்று வருத்தம் என்று நினைத்திருப்பார். “டிரம்முதானண்ணா, அதுக்கு வலிக்காது.”

ஆளுக்கொரு யோசனை

முன்பக்கத்தைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டதும் பின்பக்கம் கைவிட்டது. ஒரு காலையில் கொஞ்சம் அதிகமாக ஒடித்துவிட்டேன். கல் மூடாத இடத்தில் சாக்கடைக்குள் பின்சக்கரம் இறங்கி, ஷகிலாவின் கார் மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. ஐந்து நிமிஷத்தில் ஊர் கூடிவிட்டது. ராத்திரி முழுக்க நோயாளிக்குத் துணையிருந்துவிட்டுப் பல் தேய்க்க வந்தவர்கள், ஆட்டோக்காரர்கள், பென்னாகரம் பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் என்று எல்லோரும் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். “முதல்ல இறங்குங்க” என்றார் ஒருவர். “இறங்கக் கூடாது, ஸ்டியரிங்க நேராப் புடிக்கோணும்” என்றார் இன்னொருவர். “வலதா ஒடி” “இடதா ஒடி” என்று இரண்டு கட்சி ஆயிற்று. கடைசியில் எட்டுப் பேர் ஒரே தூக்காகத் தூக்கி வெளியே வைத்தார்கள்.

டீக்கடை மாஸ்டர் அத்தனை நேரமும் கடையை விட்டு நகரவில்லை. நான் கை கழுவப் போனபோது சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டார். கிண்டல்தான், ஆனால் எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. “ஏங்க, இத்தன நாளு ஊருக்கே சொல்லிக்கிட்டு இருந்தீங்களே, எத நம்பி சொன்னீங்க?”

பென்னாகரத்துக்காரம்மா

அதற்குப் பிறகும் இரண்டு மாசம் பயிற்சியை விடவில்லை. அதற்குள் என் பழைய வேலை மாறிப்போனது. விசிலைக் குறைத்துவிட்டேன். வண்டி பின்னால் வரும்போது நான் முன்னுக்கும் பின்னுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். ஒரு சாயங்காலம் பென்னாகரத்திலிருந்து ஒரு பெண் அம்மாவை ஏற்றிக்கொண்டு தானே ஓட்டி வந்தார். அவருடைய வீட்டுக்காரர் முன்னாலேயே இறங்கி, “ஒடி! ஒடின்னு சொல்றன்ல! வூட்லயே இருந்திருக்கலாம்ல நீ!” என்று தெரு கேட்கக் கத்திக்கொண்டிருந்தார். அந்தப் பெண் ஸ்டியரிங்கை வலதுக்கும் இடதுக்கும் மாற்றி மாற்றி ஒடித்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் ஒடிப்பது என்று தெரியாமல் போவது எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும்.

“சார், ஆயாவைக் கூட்டிட்டுப் போய் டோக்கன் போடுங்க, நாங்க வந்துடறோம்” என்று அவரை உள்ளே அனுப்பினேன். அந்தப் பெண்ணிடம், “எதையும் ஒடிக்காதீங்கம்மா. முதல்ல நிறுத்துங்க. மூச்சு விடுங்க. இப்ப இடது கண்ணாடியில பின்வண்டியோட விளக்கு தெரியுதா பாருங்க” என்றேன். தெரிகிறது என்றார். “அது மறையாம பாத்துக்கிட்டே வாங்க. முன்னாடிய நான் பாத்துக்கறேன்.” மூன்று முறை வெளியே எடுத்து, நாலாம் முறை உள்ளே போட்டார். வண்டி கொஞ்சம் கோணலாகத்தான் நின்றது. இறங்கிக் கதவைச் சாத்தியவர் அழுவாரோ என்று பயந்தேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “திட்டு வாங்காம வண்டி நிறுத்தினது இன்னிக்குத்தாங்க.”

ஏழரை மணி

போன மாசம் ஒருநாள் ராத்திரி ஏழரை மணி, ஓபிக்குக் கூட்டம் நெரியும் நேரம். பக்கவாட்டில் டூவீலர்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாக நிமிர்த்தி வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தேன். பொம்மிடிக்காரர் ஒருவர் பெரிய கார் ஒன்றைக் கேட்டை மறித்து நிறுத்தி, இழுப்பு வந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். கதவு திறந்தபடி, சாவி வண்டியிலேயே. அப்போதுதான் என் போன் அடித்தது. பச்சியப்பன். “நாலு ரோடு தாண்டிட்டேன்ணா. பாம்புக்கடி. தீர்த்தமலைப் பக்கத்துப் பொண்ணு. கேட்டத் தொறந்து வைங்க.”

கேட் திறந்துதான் இருந்தது. அதற்கு முன்னால்தான் கார் நின்றது. தெருவில் நேராக எடுத்துப் போகவும் வழியில்லை. இருபது அடி தள்ளித் தண்ணீர் லாரி நின்று எதிர்வீட்டுத் தொட்டிக்கு இறக்கிக்கொண்டிருந்தது. லாரிக்கு இந்தப் பக்கம், கேட்டைத் தாண்டிய வரிசையில், ஒரு ஜீப்புக்கும் வாடகைக் காருக்கும் நடுவில் ஓர் இடம். ஷகிலாவின் காராக இருந்தால் தாராளம். இந்தக் காருக்கு முழங்கை அளவுதான் மிச்சம் இருக்கும். ஏறி உட்கார்ந்தேன். கால் எட்டவில்லை. சீட்டுக்கு அடியில் துழாவி இழுத்து முன்னால் கொண்டு வந்தேன். முதல் தடவை பின்பக்கம் நுழைந்தது, முன்பக்கம் பாதித் தெருவில் நின்றது. தூரத்தில் சைரன் கேட்டது. சாவியைப் பற்றி அன்றைக்கு அந்த அம்மா கேட்ட கேள்வியும் கேட்டது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். காரை வெளியே எடுத்தேன். ஜீப்புக்குப் பக்கத்தில், இந்த முறை இன்னும் நெருக்கமாக நிறுத்தினேன். ஒடித்தேன். கண்ணாடியில் பின்வண்டியின் விளக்கு தெரிந்தது. தலையைத் திருப்பி இடது மூக்கைப் பார்த்தேன்; ஜீப்பின் ஸ்டெப்னியைத் தொடாமல், ஒரு விரல்கடை விட்டு, தாண்டியது. அந்தப் பக்கம் ஒடித்தேன். உள்ளே வந்து நேராக நின்றது. நான் என்ஜினை அணைப்பதற்குள் ஆம்புலன்ஸ் என் பின்கண்ணாடியில் தெரிந்து, பிரேக் போடாமல், கேட்டுக்குள் திரும்பியது. பச்சியப்பன் என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. கேட் காலியாக இருந்தது.

சாவியை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு இறங்கினேன். அரைமணி கழித்து நர்ஸ் ஒருத்தி வெளியே வந்து, “ஊசி ஏறிடுச்சு, அந்தப் பொண்ணு பேசுது” என்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டு போனாள். ஐந்து நிமிஷம் தாமதமாகியிருந்தாலும் அவள் பேசியிருப்பாளா என்று டாக்டரம்மாவைக் கேட்கலாம். கேட்கவில்லை. அவர் நல்ல மனசோடு ஏதாவது சொல்லிவிடுவார். ஒன்பது மணிவாக்கில் பொம்மிடிக்காரர் குழந்தையோடு வந்தார். குழந்தை தோளில் தூங்கியிருந்தது. கேட்டைப் பார்த்துத் திகைத்து, தெருவெல்லாம் தேடி, வரிசையில் தன் வண்டியைக் கண்டுபிடித்துக் கதவைத் திறந்தார். உட்காரப் போனவரின் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. அத்தனை பேர் நடுவில் என்னைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்: “என் சீட்ட யாருய்யா இழுத்து வச்சது?”

நான்தான் என்று சொன்னேன். வேறென்ன சொல்ல? ஒழுங்காக நிறுத்திய வண்டியை யாரும் கவனிப்பதில்லை, கவனித்தால் எங்கோ இடித்திருக்கிறது என்று அர்த்தம். நாற்பத்தெட்டு வயதுக்கு மேல் பாடுபட்டு நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். அவர் வண்டி தெருமுனை திரும்பும் வரை பார்த்துவிட்டு, பாதியில் விட்டிருந்த டூவீலர்களை நிமிர்த்தி வைக்கப் போனேன்.